தாயக்கட்டையின் சாய்வு: சீரற்ற கட்டையை உருட்டி நிகழ்தகவு கற்க முழுமையான வழிகாட்டி

வைகுண்ட ஏகாதசி இரவில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் விடிய விடியத் தாயம் ஓடும். கோட்டை அழகிரிநாதர் கோவிலில் சொர்க்கவாசல் திறக்கும்வரை யாரும் கண் மூடக் கூடாது என்பது அப்பத்தாவின் உத்தரவு. ஒரு வருடம் பெரியப்பா ஒரே ஆட்டத்தில் நாலு பன்னிரண்டு போட்டுவிட்டார். "கட்டையில என்னமோ கோளாறு இருக்கு" என்று அத்தை சண்டைக்கு வந்துவிட்டார். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அதுக்குன்னு ஒரு சாய்வு இருக்கும் சாமி. எந்தக் கட்டைக்குத்தான் இல்ல?"

இன்று அம்மாபேட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை நினைவுக்கு வருகிறது. பாடத்தில் கணக்குகள் "ஒரு சீரான பகடை" என்று தொடங்கும். பிள்ளைகள் "சீரான" என்ற சொல்லைத் தாண்டி, நேராகப் பகடைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் மொத்தக் கணக்கும் அந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன, அதை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். வேண்டியவை: ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை, ஒரு கைப்பிடி காப்பிக்கொட்டை, கோடு போட்ட நோட்டு, கூட உட்கார ஒரு ஆள்.

முதலில் சீரான கட்டையின் கணக்கு

எது சாய்ந்திருக்கிறது என்று சொல்ல, நேராக இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கட்டை ஒன்றுக்கு நாலு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒன்றுமில்லாத வெறும் பக்கம். இரண்டு கட்டையையும் உருட்டினால் 4 × 4 = 16 விதமாக விழலாம்.

இரண்டிலும் வெறும் பக்கம் வந்தால் பன்னிரண்டு. அதற்கு ஒரே வழி. ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் வெறுமை என்றால் தாயம். எந்தக் கட்டையில் புள்ளி என்பது இரண்டு விதமாக அமையும், ஆகவே 2 வழி. இரண்டுக்கு 3 வழி, மூன்றுக்கு 4, நாலுக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. கூட்டிப் பாருங்கள், 16 வரும்.

இங்கே பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவார்கள். "தாயம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, பன்னெண்டுன்னு ஏழுதான் விழும் சார், அப்ப ஒவ்வொண்ணுக்கும் ஏழுல ஒண்ணு" என்பார்கள். ஏழு பெயர்கள் இருப்பது உண்மை. ஆனால் பெயர்களுக்குச் சம பங்கு கிடையாது, கட்டையின் பக்கங்களுக்குத்தான் சம பங்கு. இது பிடிபடாத பிள்ளையிடம் ஒரு கட்டையில் சிவப்பு நூலைக் கட்டிக் கொடுத்துவிடுவேன். "நூல் கட்டினதுல ஒண்ணு, கட்டாததுல வெறுமை" என்பதும் "நூல் கட்டினதுல வெறுமை, கட்டாததுல ஒண்ணு" என்பதும் வேறு வேறு என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தத் தவறு திரும்ப வருவதில்லை.

தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்கான வாய்ப்பு 2 + 2 + 1 + 1, அதாவது 16இல் 6. நூற்றுக்கு 37.5.

இப்போது அத்தையின் புகாருக்கு வருவோம். ஒரு முழு ஆட்டத்தில் ஒருவர் 60 தடவை உருட்டினார் என்று வைத்தால், சீரான கட்டையிலேயே சராசரியாக 60 ÷ 16 = 3.75 பன்னிரண்டு விழும். ஆக, பெரியப்பா போட்ட நாலு பன்னிரண்டு எதற்கும் சாட்சி ஆகாது. கட்டையில் சாய்வு இருந்திருக்கலாம். ஆனால் அன்று இரவு நடந்ததை வைத்து அதைச் சொல்லியிருக்க முடியாது.

காப்பிக்கொட்டை சொல்லும் பாடம்

சாய்வு என்றால் என்ன என்பதை எனக்கு விளங்க வைத்தது ஏற்காடு. சித்தி வீடு அங்கே ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. மழைக்காலத்தில் மூடுபனி வாசல்வரை வந்துவிட்டால் பிள்ளைகள் வெளியே போக முடியாது. உலர்ந்த காப்பிக்கொட்டைகளை எடுத்து உருட்டி விளையாடுவோம். காப்பிப் பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டி வளரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டையாக, நடுவில் கோட்டுடன் இருக்கும், மறுபக்கம் உப்பியிருக்கும். (சில பழங்களில் ஒற்றைக் கொட்டையே உருண்டையாக விளைந்திருக்கும். பீபெரி என்பார்கள். அது இந்த வேலைக்கு ஆகாது, ஒதுக்கிவிடுங்கள்.)

ஒரு கொட்டையை உருட்டினால் கோடு மேலே வருவதற்கான வாய்ப்பு என்ன? நாணயம் என்றால் யோசிக்காமல் பாதி என்பீர்கள். காப்பிக்கொட்டையைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்வது? உருட்டி, எண்ணி, வகுத்துத்தான். 100 தடவையில் 60 தடவை கோடு மேலே வந்தால், இப்போதைக்கு நம் கணிப்பு 0.6.

நான் இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பித்தளைக் கட்டையும் காப்பிக்கொட்டை மாதிரிதான். ஆசாரி அதைச் சதுரமாக வார்க்கப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். "நாலில் ஒன்று" என்பது அவருடைய நோக்கம். அந்த நோக்கம் கட்டையில் நிறைவேறியிருக்கிறதா என்பதை உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

காப்பிக்கொட்டையை வைத்து இன்னொன்றும் பாருங்கள். கோடு மேலே வர 0.6, உப்பல் மேலே வர 0.4 என்று வைத்து, ஒரே மாதிரியான நாலு கொட்டைகளைச் சேர்த்து உருட்டுவோம். நாலும் கோடு: 0.6 × 0.6 × 0.6 × 0.6 = 0.1296. நாலும் உப்பல்: 0.4 × 0.4 × 0.4 × 0.4 = 0.0256. ஒரு கொட்டையில் ஒன்றரை மடங்காக இருந்த வித்தியாசம் நாலு கொட்டையில் ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது. சிறிய சாய்வும் பெருக்கப் பெருக்கப் பெரிதாகிவிடும். புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் ஆடியவர்களுக்கு, எல்லாம் வெள்ளையாக விழுவதும் எல்லாம் கறுப்பாக விழுவதும் ஏன் சமமாக இருப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

உருட்டும் முறை

இதில் அவசரப்பட்டால் பின்னால் போடும் கணக்கு அத்தனையும் வீண். இரண்டு கட்டையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்றில் நூல் கட்டுவது நடுவிலோ முனையிலோ உருளலைக் கெடுக்கும், அதனால் சோதனையின்போது நூலை அவிழ்த்துவிட்டு, முனையில் பேனாவால் ஒரு சின்னக் குறி வையுங்கள். எல்லா உருட்டலும் ஒரே தரையில் நடக்கட்டும். சிமெண்டுத் தரையில் கட்டை நன்றாகப் புரளும், பாயில் சட்டென்று நின்றுவிடும், ஆகவே இரண்டையும் கலக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே நன்றாகத் தேய்த்துவிட்டு, தரையில் சில புரளலாவது புரளும்படி விடுங்கள். கட்டையை வழுக்கிப் போடத் தெரிந்த கை சிலருக்கு உண்டு. அவர்கள் போட்டால் நீங்கள் எண்ணுவது கட்டையின் சாய்வை அல்ல, கையின் பழக்கத்தை.

ஒருவர் உருட்டட்டும், மற்றவர் எழுதட்டும். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே என்று நேர்க்கோட்டுக் குறியாகப் போட்டால் எண்ணுவது சுலபம். கட்டை சுவரில் மோதினால் அதை எண்ணுவதா வேண்டாமா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். விழுந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

எத்தனை தடவை உருட்டுவது என்பதையும் முன்னாலேயே எழுதி வையுங்கள். நான் 400 என்பேன். சந்தேகத்தைக் கிளப்பிய பழைய ஆட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பன்னிரண்டு நிறைய விழுந்ததால்தானே சந்தேகமே வந்தது? அதையே சாட்சியாகவும் எடுத்தால், புகார் கொடுத்தவரே தீர்ப்பும் எழுதுவது போல் ஆகிவிடும். புது நோட்டு, புதுப் பக்கம், முதல் உருட்டல்.

எண்ணியதைத் தீர்ப்பது

ஒரு கட்டையை 400 தடவை உருட்டியதில் வெறும் பக்கம் 128, ஒன்று 94, இரண்டு 84, மூன்று 94 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சீராக இருந்தால் ஒவ்வொன்றும் 100 வந்திருக்க வேண்டும்.

சீரான கட்டையிலும் சரியாக 100 வராது, கூடக் குறைய இருக்கத்தான் செய்யும். எவ்வளவு என்பதைத் திட்ட விலக்கம் சொல்லும்: 400 × ¼ × ¾ இன் வர்க்கமூலம், அதாவது 75இன் வர்க்கமூலம், சுமார் 8.7. ஆக 91க்கும் 109க்கும் இடையில் எது வந்தாலும் சாதாரணம். 83க்குக் கீழோ 117க்கு மேலோ போனால் புருவத்தைத் தூக்கலாம். 128 என்பது மூன்று திட்ட விலக்கத்துக்கும் மேல்.

ஆனால் நாலு பக்கத்தில் பெரிதாக இருப்பதை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்ப்பது நியாயம் இல்லை. நாலையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். அதற்குப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 1900இல் கொடுத்த வழிதான் கை-வர்க்கச் சோதனை (chi-square; இந்தக் ‘கை’ ஒரு கிரேக்க எழுத்து). ஒவ்வொரு பக்கத்தின் விலகலையும் வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். விலகல்கள் 28, −6, −16, −6. வர்க்கங்கள் 784, 36, 256, 36. கூட்டுத்தொகை 1112. 100ஆல் வகுத்தால் 11.12.

நாலு பக்கக் கட்டைக்கு இந்த எண் 7.81ஐத் தாண்டுவது, கட்டை சீராக இருந்தால் நூற்றில் ஐந்து தடவைதான் நடக்கும். 11.34ஐத் தாண்டுவது நூற்றில் ஒரு தடவை. (புள்ளியியல் புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் 3 என்ற வரிசையைப் பார்க்க வேண்டும். மொத்தம் 400 என்று தெரிந்தபின் மூன்று பக்கத்தின் எண்ணிக்கை கிடைத்தால் நாலாவது தானாக வந்துவிடும், அதனால்தான் 4 இல்லை, 3.) நமக்கு வந்த 11.12 அந்த இரண்டாவது எல்லையை ஒட்டி நிற்கிறது. சீரான கட்டை இவ்வளவு விலகுவது நூற்றில் ஒரு தடவைக்கு நெருக்கம். "கட்டை சீராக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு" என்று இதைப் படித்துவிடாதீர்கள். இரண்டும் வேறு. முதலாவது, கட்டை சீர் என்று எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் கேள்வி கேட்கிறது. இரண்டாவது, எண்ணிக்கையை வைத்துக் கட்டையைக் கேள்வி கேட்கிறது. அதற்கான பதில் சற்றுக் கீழே வரும்.

இதே கட்டையை வெறும் 40 தடவை உருட்டியிருந்தால்? எதிர்பார்ப்பு 10, வந்தது 13 ஆக இருந்திருக்கும். அங்கே திட்ட விலக்கம் 2.7. யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. பிழையைப் பாதியாக்க உருட்டலை நாலு மடங்காக்க வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு.

இந்த இடத்தில் வெல்டனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த உயிரியல் அறிஞர் வால்டர் வெல்டன். 1894இல் பன்னிரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டிய 26,306 உருட்டல்களின் கணக்கைப் புள்ளியியல் முன்னோடி பிரான்சிஸ் கால்டனுக்கு எழுதி அனுப்பினார். மொத்தம் 3,15,672 பகடைகள். 5 அல்லது 6 விழுந்தால் வெற்றி. சீராக இருந்தால் 0.3333 வர வேண்டும், வந்தது 0.3377. பார்க்க ஒன்றுமே இல்லாத வித்தியாசம். ஆனால் அத்தனை உருட்டலுக்குத் திட்ட விலக்கம் 0.0008தான், ஆகவே இது ஐந்து திட்ட விலக்கத்துக்கும் மேல். பியர்சன் தன் சோதனையை விளக்க எடுத்துக்கொண்ட எண்களில் இதுவும் ஒன்று. காரணமாகச் சொல்லப்படுவது புள்ளிகள். குழி தோண்டிப் புள்ளி வைத்த பகடையில் ஆறு குழி உள்ள பக்கம் லேசாகிவிடும். எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு குழி, அது கனம். கனமான பக்கம் தரையைத் தேடும், ஆறு மேலே வரும்.

சாய்வு எந்த வகை?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எண்களின் அமைப்பைப் பார்த்தே கட்டையின் உடம்பில் என்ன குறை என்று சொல்லிவிடலாம்.

என்னிடம் உள்ள கட்டையில் சுற்றிவர ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. ஆகவே ஒன்றுக்கு எதிரில் மூன்று, இரண்டுக்கு எதிரில் வெறுமை. மேலே உள்ள எடுத்துக்காட்டில் வெறுமை கூடியிருக்கிறது, அதன் எதிர்ப்பக்கமான இரண்டு குறைந்திருக்கிறது, மற்ற இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. இது கனச் சாய்வு. இரண்டு என்ற பக்கத்தில் உலோகம் அதிகம், அல்லது வெறுமைப் பக்கத்துக்குக் கீழே வார்ப்பில் காற்றுக்குமிழி மாட்டியிருக்கிறது.

மாறாக, வெறுமையும் இரண்டும் சேர்ந்தே கூடி, ஒன்றும் மூன்றும் சேர்ந்தே குறைந்திருந்தால்? அது கனமே அல்ல, அகலம். கட்டையின் குறுக்குவெட்டு சதுரமாக இல்லாமல் செவ்வகமாகிவிட்டது. அகலமான பக்கத்தில் படுப்பது எதற்கும் சுலபம், செங்கல்லைப் போல. இதைச் சரிபார்க்க வெர்னியர் காலிபர் போதும், இரண்டு திசையிலும் அளந்தால் தெரிந்துவிடும். கொலுசுப் பட்டறையில் வளர்ந்ததால் எனக்கு இதில் ஒரு வாஞ்சை. அரம் போட்டு ராவும்போது ஒரு பக்கம் கூடுதலாகப் போய்விட்டால் அப்பா விரலால் தடவியே சொல்லிவிடுவார். புள்ளிகளையும் கவனியுங்கள். உளியால் குத்திய புள்ளியில் உலோகம் நசுங்கி ஒதுங்குமே தவிர வெளியே போகாது. துளைத்த புள்ளியில்தான் எடை குறையும்.

பிளாஸ்டிக் பகடை என்றால் இன்னும் எளிது. டம்ளர் தண்ணீரில் பகடை மிதக்கும்வரை உப்பைக் கரைத்து, சுண்டிச் சுண்டி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் மேலே வந்து நின்றால் உள்ளே கனம் ஒரு பக்கமாக இருக்கிறது. பித்தளைக்கு இந்த வேலை ஆகாது, மூழ்கிவிடும்.

ஆட்டத்தில் என்ன மாறும்?

இப்போது புதிய நிகழ்தகவுகள்: வெறுமை 0.32, ஒன்று 0.235, இரண்டு 0.21, மூன்று 0.235. கூட்டினால் 1. இரண்டு கட்டையும் இதே வார்ப்பு என்று வைத்தால், வழிகளை எண்ணுவது இனி உதவாது. 16 வழிகளும் சம எடை அல்ல. ஒவ்வொரு வழிக்கும் பெருக்க வேண்டும்.

பன்னிரண்டு: 0.32 × 0.32 = 0.1024. சீரான கட்டையில் 0.0625. தாயம்: 2 × 0.32 × 0.235 = 0.1504; முன்பு 0.125. ஐந்து: 2 × 0.21 × 0.235 = 0.0987, முன்பு 0.125. ஆறு 0.0552க்கு இறங்குகிறது. மறுபடி போடும் வாய்ப்பு மொத்தத்தில் 0.375இலிருந்து 0.407 ஆகிறது.

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். சீரான கட்டையில் சராசரியாக 8 உருட்டல் காத்திருக்க வேண்டும், இதில் 6.65. பத்து உருட்டலாகியும் தாயமே விழாமல் உட்கார்ந்திருக்கும் கொடுமை சீரான கட்டையில் நூற்றுக்கு 26 தடவை நடக்கும், இதில் 20க்குக் கொஞ்சம் குறைவாக. எல்லோரும் அதே கட்டையைத்தான் உருட்டுகிறார்கள் என்பதால் சாய்வு யாருக்கும் துரோகம் செய்வதில்லை. ஆட்டம் கொஞ்சம் வேகமாகும், அவ்வளவே. ஆனால் சாய்வு தெரிந்தவர் காயை எங்கே நிறுத்துவது என்பதைத் தெரியாதவரைவிட நன்றாக முடிவு செய்வார்: எதிராளிக்கு ஐந்து கட்டம் முன்னால் நிற்பது முன்னைவிடப் பத்திரம், ஒரு கட்டம் முன்னால் நிற்பது முன்னைவிட ஆபத்து.

"இவ்வளவு நேரம் விழல, இனிமே விழும்"

எங்கள் அத்தை மட்டுமல்ல, தாயம் ஆடும் எல்லோருமே இதைச் சொல்வார்கள். சாய்வு எவ்வளவு என்று தெரிந்த கட்டையில் இது தவறு. பத்து தடவை விழாதது பதினோராவதை ஒன்றும் செய்யாது, கட்டைக்கு ஞாபகம் கிடையாது. சாய்வு தெரியாத கட்டையிலோ இது இன்னும் பெரிய தவறு, உண்மை நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் விழவே இல்லை என்றால், அது விழச் சிரமப்படும் பக்கமோ என்ற சந்தேகம் கொஞ்சம் கூட வேண்டும். ஞாபகம் வைத்திருப்பது கட்டை அல்ல, அதைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது.

அதைக் கணக்கில் கொண்டுவர ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. உருட்டும் முன்பே ஒவ்வொரு பக்கத்துக்கும் சில கற்பனை உருட்டல்களைக் கணக்கில் போடுங்கள். கட்டையைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டால் பக்கத்துக்கு 1. ஐந்து உருட்டலில் மூன்று வெறுமை வந்தால், கணிப்பு (3 + 1) ÷ (5 + 4) = 0.44. நல்ல வார்ப்பாசாரி செய்தது, ஏறக்குறையச் சீராகத்தான் இருக்கும் என்று நம்பினால் பக்கத்துக்கு 25 போடுங்கள். அதே ஐந்து உருட்டலுக்குப் பிறகு (3 + 25) ÷ (5 + 100) = 0.267. ஐந்து உருட்டல் அந்த நம்பிக்கையை அசைக்கவே இல்லை, அசைக்கவும் கூடாது. 400 உருட்டலுக்குப் பிறகு (128 + 25) ÷ 500 = 0.306. இப்போது அசைந்துவிட்டது. எண்ணிக்கையை வைத்துக் கட்டையைக் கேள்வி கேட்பது என்று மேலே சொன்னேனே, அதன் எளிய வடிவம் இதுதான்.

சாய்ந்த கட்டையிலிருந்து நேரான தீர்ப்பு

கட்டை சீரற்றது என்று தெரிந்துவிட்டது, வேறு கட்டையும் இல்லை, யார் முதலில் ஆடுவது என்று நியாயமாக முடிவு செய்ய வேண்டும். 1951இல் கணித அறிஞர் ஜான் வான் நியூமன் இதற்கு ஒரு வழி எழுதினார். காப்பிக்கொட்டையில் பாருங்கள். ஒரே கொட்டையை இரண்டு தடவை உருட்டுங்கள். முதலில் கோடு, பிறகு உப்பல் என்றால் நீங்கள். முதலில் உப்பல், பிறகு கோடு என்றால் நான். இரண்டும் ஒன்றாக வந்தால் அந்த ஜோடியைத் தள்ளிவிட்டு மறுபடி இரண்டு. 0.6 × 0.4 உம் 0.4 × 0.6 உம் ஒன்றுதானே! சாய்வு எவ்வளவு என்றே தெரியாவிட்டாலும் இது பொருந்தும். 0.6 சாய்வுள்ள கொட்டையில் முடிவு கிடைக்கச் சராசரியாக நாலு உருட்டலுக்குச் சற்றே அதிகம் ஆகும்.

தாயக்கட்டையில் இதைவிடச் சுலபம். ஒரே கட்டையை இரண்டு தடவை உருட்டி, முதல் எண் பெரிதென்றால் ஒருவர், இரண்டாவது பெரிதென்றால் மற்றவர், சமம் என்றால் மறுபடி. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆளுக்கு ஒரு கட்டையைக் கொடுத்து ஒப்பிடாதீர்கள். இரண்டு கட்டையின் சாய்வும் வேறு வேறாக இருந்தால் நியாயம் போய்விடும். இரண்டு உருட்டலும் ஒரே கட்டையில், ஒரே கையால், ஒரே தரையில் நடக்க வேண்டும்.

போன ஏகாதசிக்கு அத்தையும் பெரியப்பாவும் இப்படித்தான் தொடங்கினார்கள். அப்பத்தாவின் அதே கட்டை, முதல் உருட்டல் இரண்டு, அடுத்தது வெறுமை. அத்தை முதலில் ஆடினார்.